படுத்து வளர்ந்த கிறிஸ்மஸ் மரம்

நேசமணி சாரைப் பூக்காத செடிகளின் பக்கம் திருப்பியது ஒரு ரோஜாச்செடி.

அமரவிளை டுட்டோரியல் ஒன்றில் பல வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுத்தவர் அவர். பிள்ளைகள் செல்போனிலேயே படிக்கத் தொடங்கி டுட்டோரியலுக்குப் பூட்டு விழுந்ததும், நெடுஞ்சாலை ஓரத்தில் பச்சை வலை கட்டி ஒரு நர்சரி போட்டார். திறந்த சில வாரத்திலேயே ஒரு அம்மாள் அங்கே வாங்கிய ரோஜாத் தொட்டியை இடுப்பில் சுமந்துகொண்டு வந்து அவர் மேசையில் வைத்தாள்.

"சாரே, இது பூக்கேல. நீங்க படிப்பிச்ச பிள்ளைகளும் இப்பிடித்தானா?"

அதற்குப் பிறகு நர்சரியில் ரோஜாவும் செம்பருத்தியும் இல்லை. பெரணி வகைகள், பாசிபோலப் படரும் தரைச்செடிகள், சைக்கஸ், அப்புறம் ஊரே கிறிஸ்மஸ் மரம் என்று சொல்லும் அராக்கேரியா. இவ்வளவுதான் சரக்கு.

"இதுல எதுக்கும் பூ கிடையாது. பூக்காத ஜாதிய பூக்கேலன்னு எவன் கொண்டு வருவான்?" என்று மனைவி புஷ்பபாயிடம் பெருமையாகச் சொன்னார்.

புஷ்பபாய் நர்சரிக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் வைக்கோல் பொதிகளில் காளான் வளர்ப்பவள். "அப்ப எனக்க கூணும் உங்க ஜாதியாக்கும்," என்றாள்.

"கூணு செடியே இல்லட்டீ. அது தனி ராஜ்யம். அதுக்குப் பச்சையம் கிடையாது, அது..."

அவள் உள்ளி உரிக்கப் போய்விட்டாள். டுட்டோரியல் பூட்டிய பிறகு சாருக்குக் கிடைத்த ஒரே மாணவி அவள்தான். அவளும் வகுப்பில் இருப்பதில்லை.

வியாபாரம் நன்றாகவே போனது. வளைகுடாவிலிருந்து வந்து வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் கேட்டின் இரண்டு பக்கமும் கிறிஸ்மஸ் மரம் வேண்டியிருந்தது. இதில் மத வேறுபாடு இல்லை. முற்றத்தில் துளசியும் கேட்டில் கிறிஸ்மஸ் மரமுமாக எத்தனையோ வீடுகள். குடைமேல் குடை கவிழ்த்த மாதிரி அது நேராக உயர்ந்து நின்றால் வீட்டுக்காரனும் உயர்ந்து நிற்பதாகக் கணக்கு.

சாருடைய சர்ச் சபையில் கமிட்டிச் செயலாளர் ராஜையா. மஸ்கட்டில் சூப்பர்வைசராக இருந்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகு மேற்பார்வை பார்க்க ஆள் கிடைக்காமல், கடைசியில் சபையை எடுத்துக்கொண்டார். பக்கத்து ஊர் சபையின் கிறிஸ்மஸ் மரம் அவர்கள் மணிக்கூண்டைத் தாண்டிவிட்டது அவருக்குப் பொறுக்கவில்லை.

"சாரே, நமக்கும் ஒண்ணு வேணும். அவங்களுக்க மரத்த விட ஒரு முழமாவது ஒசரணும், கேட்டியளா?"

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து வரவேண்டிய கன்றுகள் மழையில் சிக்கி வரவில்லை. சாரின் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் வீட்டு மரத்தின் கிளைகள் மின்கம்பியில் உரசுகின்றன என்று வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் கொஞ்சத்தை எடுத்துவந்து, வேர் பிடிக்கும் பொடி தொட்டு மணலில் ஊன்றியிருந்தார். எல்லாம் காய்ந்துபோய் ஒன்று மட்டும் தளிர்த்தது. கொஞ்சம் சாய்வாக இருந்ததை மூங்கில் கம்பில் இழுத்துக் கட்டி நிமிர்த்திச் சபைக்குக் கொடுத்தார்.

நடவு விமரிசையாக நடந்தது. போதகர் ஜெபித்தார், ராஜையா மண் தள்ளினார், பக்கத்தில் ஒரு பளிங்குக் கல் பதித்தார்கள். அந்தக் கல்லில் மரத்தின் பெயரைத் தவிர எல்லார் பெயரும் இருந்தது.

மூங்கில் இருந்தவரை மரமும் நின்றது. மூங்கில் உளுத்ததும் மரம் சாய்ந்தது. காற்று என்றார்கள். இரும்புக் குழாய் நட்டுக் கட்டினார்கள். குழாயைத் தாண்டிய புதுக் குருத்து மறுபடி பக்கவாட்டில் திரும்பியது. மரத்துக்கு ஆரோக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. செழிப்பாக, பச்சைப்பசேலென்று, தரைக்கு இணையாக வளர்ந்தது. சில வருடத்தில் அது சபையின் மதிலைத் தாண்டி, அடுத்திருந்த கருணாகரனின் சாயாக்கடைக்குமேல் தலையை நீட்டிவிட்டது.

விளக்கங்களுக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு பள்ளியில் அதைத் தாழ்மைக்கு உதாரணமாகச் சொன்னார்கள். ராஜையாவுக்கு எதிரான கூட்டம், செயலாளர் தேர்தலில் நடந்த கோளாறின் பலன் இது என்றது. ராஜையா கால்சியம் குறைவு என்று சொல்லி, வேருக்கு முட்டை ஓடு போடச் செய்தார்.

உண்மையைச் சொன்னது ஜோஸ்னா. சாரிடம் டுட்டோரியலில் படித்து, இப்போது ஒரு கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறவள். ஒரு கல்யாணத்துக்கு வந்தவள் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சாரை ஓரமாக அழைத்தாள்.

"சார், இது பக்கக்கிளைய நட்டதாக்கும், இல்லியா? அராக்கேரியாவுல பக்கக்கிளை எங்க நட்டாலும் கிளையாத்தான் வளரும். நிமிராது. விதையில இருந்து வரணும், இல்லன்னா உச்சிக் குருத்த வெட்டி நடணும்."

"அது புத்தகத்துல உண்டா?"

"உண்டு சார். பரீட்சைக்கு வராது, விட்ருன்னு நீங்க சொன்ன பாகம்."

சார் அன்று கல்யாணச் சாப்பாட்டில் மூன்றாவது பாயசத்தைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்தும் முகம் தெளியவில்லை. காரணம் கேட்ட புஷ்பபாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் யோசித்துவிட்டு, "எனக்க கூணு எவ்வளவோ பரவாயில்ல. அதுக்குக் கிளையும் இல்ல, கமிட்டியும் இல்ல. போய் உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வாங்க," என்றாள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் சார் எழுந்து நின்று சொன்னார். மரத்தின்மேல் தப்பில்லை, கன்றின்மேலும் தப்பில்லை, கிளையை மரமென்று கொடுத்த தன்மேல்தான் தப்பு. இப்போது விதையில் முளைத்த நல்ல கன்று வந்திருக்கிறது, இதை எடுத்துவிட்டு அதை நட்டுத் தருகிறேன் என்றார்.

ராஜையா தொண்டையைச் செருமினார்.

"சாரே, மரம் தப்புன்னு சொன்னா கல்லும் தப்பாயிரும். கல்லுல போதகருக்க பேரு உண்டு."

"உங்க பேரும் உண்டு," என்றார் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர்.

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

சாரின் ஒப்புதல் பதிவு செய்யப்படவில்லை. விஷயத்தை ஆராய மர உபகமிட்டி ஒன்று அமைத்தார்கள். தாவரவியல் தெரிந்தவர் என்பதால் அதற்குத் தலைவராகச் சாரையே போட்டார்கள்.

டிசம்பரில் உபகமிட்டிக்கு முதல் வேலை வந்தது. கிறிஸ்மஸ் நட்சத்திரத்தை மரத்தின் உச்சியில் மாட்ட வேண்டும். இந்த மரத்துக்கு உச்சி எது? மதிலுக்கு இந்தப் பக்கம் உயரமாகத் தெரியும் வளைவா, அந்தப் பக்கம் நீண்டுகிடக்கும் நுனியா? சார் தன் மனசாட்சிப்படி நுனிதான் என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு முறை பொய்யான கன்றைக் கொடுத்தாயிற்று, பொய்யான உச்சியையும் கொடுக்க அவருக்கு மனமில்லை. நட்சத்திரம் கருணாகரனின் கடை பெஞ்சுக்கு நேர்மேலே ஏறியது.

கேரல் பாடிவிட்டு வந்த இளைஞர்கள் அதன் கீழே நின்று படம் எடுத்தார்கள். படம் வாட்சப்பில் பாறசாலை, திருப்புறம், கள்ளிக்காடு என்று சுற்றியது. படுத்திருக்கும் கிறிஸ்மஸ் மரத்தைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சபைக்குள் போனவர்கள் கொஞ்சம், சாயாக்கடையில் உட்கார்ந்தவர்கள் மிச்சம். கருணாகரனும் அவர் மனைவி சரசம்மாவும் பழம்பொரி சுட்டுச் சுட்டு ஓய்ந்தார்கள்.

ராஜையா மதிலோரம் வந்து நின்றார். "எலே கருணாகரா, இது சபைக்க நட்சத்திரமாக்கும்."

"ஆரு இல்லன்னு சொன்னா சேட்டா?" கருணாகரன் சாயாவை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நட்சத்திரம் எங்க நிக்குதோ அங்க ஆளு வரும். உங்க புத்தகத்துல அப்பிடித்தானே உண்டு?"

முதலில் சிரித்தவர் போதகர். மதிலைச் சுற்றி வந்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சாயா சொன்னார். ராஜையாவுக்கும் வேறு வழியில்லாமல் போயிற்று. வந்தவர் வந்தவேகத்தில் கூட்டத்தை வரிசையில் நிற்கச் சொல்லி மேற்பார்வை பார்க்கத் தொடங்கினார். அந்த வாரம் முழுக்க அவர் முகத்தில் மஸ்கட் காலத்து நிறைவு இருந்தது.

ஜனவரியில் இருந்து நர்சரிக்கு வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். விதையில் முளைத்த, நேராக வளரும் கன்றுகளைச் சார் முன்னால் எடுத்து வைத்தால் தலையாட்டி மறுத்தார்கள். "இது எல்லா வீட்லயும் உண்டு சாரே. சபையில நிக்குதே, அந்த மாதிரி படுக்குறது வேணும்."

நிற்கவில்லை, கிடக்கிறது என்று சார் திருத்துவார். அது மரமே இல்லை, வேர் பிடித்த கிளை, ஆயுளுக்கும் நிமிராது என்று ஒவ்வொருவரிடமும் முழுப் பாடத்தையும் சொல்லுவார். டுட்டோரியலில்கூட அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை. கேட்டு முடித்ததும், "எந்தப் பக்கமா படுக்கும்?" என்பார்கள்.

"அது எனக்குத் தெரியாது," என்று உண்மையைச் சொல்லிவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்குக் கிளை வெட்டக் கிளம்புவார் நேசமணி சார்.