மிக்ஸியைத் தின்ற காந்தம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மிக்ஸியைக் கொன்றது நான்தான். தெரியாமல் இல்லை... ஸ்க்ரூடிரைவரோடு போய், திட்டமிட்டு!

எல்லாம் ஒரு காந்தத்தை அந்தரத்தில் நிறுத்தும் ஆசை. கரண்ட் கிடையாது, கயிறு கிடையாது, சும்மா காற்றில்! மகளின் ரிசல்ட் பார்க்க இன்டர்நெட் சென்டருக்குப் போன இடத்தில் படித்தது. இரும்பைக் காந்தம் இழுக்கும், தெரியும். ஆனால் கார்பன்? காந்தத்தை லேசாகத் தள்ளிவிடுமாம். மேலே பெரிய காந்தம் ஒன்று தூக்கிப் பிடிக்க, கீழே இரண்டு கார்பன் துண்டுகளுக்கு நடுவில் குட்டிக் காந்தம் எதிலும் ஒட்டாமல் நிற்குமாம்.

படித்ததோடு விட்டேனா? துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மச்சினன் குமாரிடம், "நீ ஃபிளைட் ஏறுறதுக்குள்ள காட்டுறேன் மாப்ளே" என்று சவால் விட்டுவிட்டேன். வருஷா வருஷம் பெட்டியைத் திறந்து எங்கள் வாயைப் பிளக்க வைப்பவன் அவன். ஒரு தடவையாவது அவன் வாய் பிளக்க வேண்டாமா?

கார்பன் என்றால் கரிதானே? நெல் விளைகிற ஊரில் கரிக்கா பஞ்சம்! ரைஸ் மில்லில் ஒரு பை உமிக்கரி வாங்கி, மைதாப் பசையில் பிசைந்து, வடை மாதிரி தட்டிக் காயவைத்தேன். காந்தம் அதன்மேல் சொத்தென்று உட்கார்ந்தது. மீதிக் கரியில் பல் தேய்த்துவிட்டு வந்த குமார் இளித்தான்.

"அத்தான், பல்லு மின்னுது. காந்தம்தான் மிதக்கல."

கீழவாசலில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் பாய்தான் வழி சொன்னார். "உமிக்கரில்லாம் ஆகாது சார். கிராஃபைட் வேணும். மிக்ஸி மோட்டார்ல ரெண்டு கார்பன் கட்டை இருக்கு பாருங்க, அது மாதிரி."

அவரிடமே இரண்டு கட்டை வாங்கியிருக்கலாம். எனக்கு அது திங்கட்கிழமைதான் தோன்றியது.

ஞாயிறு காலை. மதியம் குமாருக்குத் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார். அடுப்படியில் என் மனைவி பருப்பும் மிளகாயும் வறுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த லீவு வரை தம்பிக்குத் துணை அவள் அரைத்துக் கொடுக்கும் பொடிதான். அந்த நேரத்தில் நான் மொட்டை மாடியில் மிக்ஸியைக் கவிழ்த்து, கட்டைகளை உருவி, உப்புத்தாளில் தேய்த்துப் பாதியாக்கிவிட்டேன்.

கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, சின்ன இடைவெளி விட்டுப் பொருத்தி, பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை மேலே போல்ட்டில் மாட்டினேன். குமார் முன்பு கொண்டுவந்த சிடி பிளேயரை உடைத்ததில் கிடைத்த அரிசி அளவு காந்தத்தைக் கட்டைகளின் நடுவில் விட்டேன். நட்டைத் திருகிப் பெரிய காந்தத்தை இறக்கினால் 'டக்'கென்று மேல் கட்டையில் ஒட்டும். தளர்த்தினால் கீழே விழும். டக். தொப். டக். தொப். சட்டை நனைந்துவிட்டது. கடைசியாக ஒரு கால் திருகு...

நின்றது!

குமார் தரையில் குப்புறப் படுத்துப் பார்த்தான். "நூலு கட்டியிருக்கீங்களா அத்தான்?"

"பஸ் டிக்கெட்ட உள்ள விட்டுப் பாரு!"

டிக்கெட் மேலேயும் போனது, கீழேயும் போனது. ஊதினான். ஆடியது, திரும்பவும் நடுவில் வந்து நின்றது. அவன் வாய் பிளந்தது. நான் குதித்தேன், ஐம்பதை நெருங்குகிற முழங்காலோடு!

"ஏங்க, மிக்ஸி எங்க?" மாடிப்படியில் மனைவி.

பாதியாகிப்போன கட்டை திரும்ப மோட்டாருக்குள் எப்படிப் பொருந்தும்? அவள் விறுவிறுவென்று கீழே இறங்கினாள். இரும்பு உரலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கார் ஹாரன் அடிக்கும்வரை இடித்தேன், தும்மினேன், இடித்தேன். பொடி கொரகொரப்பாக, ஆனால் முழுசாகப் பெட்டிக்குள் போனது.

துபாய் அதிசயம் பெட்டியில் வருகிறது. நம் அதிசயத்துக்கு நம் வீட்டைத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது!

கார் போனதும் அவளை மாடிக்கு அழைத்துப் போனேன். காந்தம் அப்படியே நின்றது. "பாரு, கரண்டே வேணாம். ஒரு வருஷம் ஆனாலும் இப்படியே நிக்கும்" என்றேன்.

குனிந்து, நிதானமாகப் பார்த்தாள்.

"நிக்கட்டும். நாளைக்கு இட்லிக்குச் சட்னி அரைக்கணும். இது சுத்துமா?"