சிலுப்பாத கிடா

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து ஆடுகள் செத்த விதத்தைப் பார்த்த யாரும் ஊசி வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். வாயெல்லாம் புண் அழுகி, கழிந்து கழிந்து, மூச்சு முட்டி, பட்டிப் பலகையில் தலையை மோதிக்கொண்டு செத்தன. வைரஸ் நோய். அதற்கொரு புதுத் தடுப்பூசியைச் சோதிக்க பூண்டுலோயாப் பக்கம் வந்த மிருக வைத்தியர்களிடம் எனக்கு வேலை கிடைத்தது. மிஞ்சிய ஆடுகளைப் பிடித்து நிறுத்தி, கழுத்தில் ரத்தம் எடுத்துக் கொடுப்பேன். நோயோடு மல்லுக்கட்டுகிற பிறபொருளெதிரி அதில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று ஆய்வுகூடத்தில் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஊறியது அண்ணனின் கறுப்புக் கிடாவுக்குத்தான். முதல் நாள் என்னை முட்டி முழங்காலைப் பெயர்த்த சண்டியர் அது. பிறகு பழகிவிட்டது. ஈரப் பஞ்சு கழுத்தில் பட்டதும் அசையாமல் நிற்கும். வேலை முடிந்து நான் கையை எடுத்ததும் தலையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பும். ஊசிக்குப் பயப்படாத ஒரே ஆம்பிளை லயத்தில் இதுதான் என்று அண்ணனைக் கேலி செய்வேன்.

அதன் உடம்பில் அந்த நோயெதிர்ப்பு நிலைத்து நிற்கிறதா என்று காட்டும் கடைசி ரத்தம் கோயில் திருவிழாவுக்கு அடுத்த வாரம் எடுக்க வேண்டியிருந்தது. அண்ணனோ, அண்ணி பிரசவத்தில் பிழைத்ததற்காக கிடாவை அந்தத் திருவிழாவில் வெட்டுவதாக முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டிருந்தார். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"சாமிகிட்ட தவணை கேக்க முடியுமா புள்ள?" என்றார்.

திருவிழாவன்று பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கிடா உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். சிலுப்பாமல் வெட்டக்கூடாது. ஈரம் பட்டதும் கிடா கழுத்தை நீட்டிக்கொண்டு கல் மாதிரி நின்றது. ஏனென்று எனக்கு மட்டும்தான் தெரியும். சாமி என் பக்கம் என்று உள்ளுக்குள் குதித்தேன்.

குடம் குடமாக ஊற்றினார்கள். அசையவில்லை. நான் ரத்தம் எடுத்துத் தீட்டாக்கிவிட்டேன் என்று கூட்டத்தில் ஏச ஆரம்பித்தார்கள். ஒருவன் கிடாவின் வயிற்றில் உதைத்தான். இன்னொருவன் வாலை முறுக்கினான். குடித்திருந்த அண்ணன் கழுத்துக் கயிற்றைத் திருகியதில் அதன் நாக்கு வெளியே தள்ளியது. எனக்கு ரத்தம் கொதித்தது. பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அண்ணன் என் கொண்டையைப் பிடித்து இழுத்தார். அவர் கையைக் கடித்தேன், வாயில் உப்புக் கரித்தது. காதோடு சேர்த்து அறைந்தார். இரண்டு பேர் என் கைகளைப் பிய்த்தெடுத்தார்கள்.

என் கை கழுத்தை விட்டதும், கிடா தலையிலிருந்து வால்வரை சிலுப்பியது.

"உத்தரவு கெடச்சிருச்சு," என்றார் பூசாரி.

ஒரே வெட்டு. உடம்பு சேற்றில் உதைத்துக்கொண்டே கிடந்தது. அத்தனை ஆட்டையும் காப்பாற்றியிருக்கக்கூடிய ரத்தம் என் பாதத்தில் சுடச்சுட ஓடியது. நான் பிடிக்காமல் இருந்திருந்தால் அது சிலுப்பியே இருக்காது. கடிபட்ட கையில் துணியைச் சுற்றிக்கொண்டே, கறியில் தங்கச்சிக்கும் ஒரு பங்கு வைக்கச் சொன்னார் அண்ணன்.