நூற்றேழு மார்க்

போன செவ்வாய்க்கிழமை ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில், நர்ஸ் பெண் ஒருத்தி என் இடது புருவத்துக்கு மேலே ஊதா மையால் அம்புக்குறி ஒன்று போட்டாள். அம்பின் முனை கீழே என் கண்ணைப் பார்த்து நின்றது. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடதில்தான் முற்றியிருக்கிறது. மறுநாள் அதைத்தான் எடுக்கப் போகிறார்கள். கண் மாறிவிடக் கூடாதாம்.

"மார்க் பண்ணியாச்சு ஐயா. ஆபரேசன் முடியிற வரைக்கும் மொகம் கழுவாதீங்க லா, அழிஞ்சிடும்."

"ரெண்டு கண்ணுதானேம்மா இருக்கு? அதுலயுமா தப்பு வரும்?"

"ரெண்டே ரெண்டா இருந்தாத்தான் ஐயா தப்பு வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அந்த மையில் ஒரு வாடை. மண்ணெண்ணெயும் இல்லை, ஸ்பிரிட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவில். அதை முகர்ந்துகொண்டே மத்தியானம் முழுக்கக் கிடந்தேன். வார்டில் பதினான்கு கட்டில், ஆறு விசிறி, ஓடுவது ஐந்து. ஓடாத ஆறாவதுக்குக் கீழேதான் என் கட்டில் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? விசிறியை எண்ணி முடித்த பிறகு 'மார்க்' என்ற சொல்லை எண்ணத் தொடங்கினேன். வீட்டில் இருக்கும் பழைய அகராதியில் அதற்கு இருபத்தாறு பொருள் போட்டிருக்கிறது. அதில் பாதியை நம் ஆட்கள் அகராதியைத் தொடாமலே புழங்கினார்கள். இன்னும் நாலைந்து அகராதிக்காரருக்கே தெரியாதவை.

எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் சட்டைக் காலர் வழியாகத்தான் வந்தது. எங்கள் தெரு வண்ணார் சேங்கொட்டை மையால் வீட்டுக்கு ஒரு மார்க் போடுவார். எங்களுக்கு மூன்று புள்ளி, மேலே ஒரு கோடு. எதிர்வீட்டுக்கு மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. எதிர்வீட்டுக்காரர் சட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எஞ் சட்டைய உங்க வீட்டுக்காரரு போட்டுத் திரியிறாரு" என்று என் அம்மாவிடம் மூன்று தடவை சண்டைக்கு வந்திருக்கிறார்.

பிறகு கடை. பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாத காலம், படம்தான் எழுத்து. தீப்பெட்டி கொடு என்றால் கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். விசிறி மார்க்கா, ஆமை மார்க்கா? அம்மா ஆமையை ஒதுக்கிவிடுவாள். "பத்துக் குச்சி கிழிச்சா நாலுதான் பத்துது." நான் கிழித்து எண்ணிப் பார்த்தேன், ஆறு பற்றியது. எண்ணியதற்காக அடி வாங்கினேன். ஒரு பெட்டிக் குச்சி போயிற்றே. ஊரிலிருந்து மலாயாவுக்குக் கப்பலில் வந்தவர்களுக்கோ மேல்கையில் அம்மை குத்திய மார்க். அதைக் காட்டாமல் கரை இறங்க முடியாது. கையெழுத்துத் தெரியாதவருக்குப் பெருவிரல் மார்க். மூக்குக்குப் பக்கத்தில் மச்சம் இருந்தால் அதுவும் ஒரு மார்க், துரைமார் காகிதத்தில் அதற்கென்று ஒரு கட்டமே உண்டு.

என்னைப் பிடித்து ஆட்டிய மார்க் வேறு, பள்ளிக்கூடத்து மார்க். எங்கள் வாத்தியார் பரீட்சை முடிந்ததும் அடியிலிருந்து மேலே வாசிப்பார். பதினொன்று, பத்தொன்பது, இருபத்துமூன்று என்று ஏறிக்கொண்டே போகும். முப்பத்தெட்டுப் பேரில் என் பெயர் கடைசியாக வரும். கணக்கில் தொண்ணூற்றாறு. அந்த முப்பத்தேழு பெயரும் வாசிக்கப்படும் நேரம் எனக்கு எத்தனை இனித்தது என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது, யாரோ ஒருவர் நின்று வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தொன்பது வயதில் வாசிக்கிற ஆள் நானே ஆனேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பகுதி அது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி வேலை. கிராணி என்றால் எழுத்தர்தான், ஆனால் தோட்டத்தில் அது கொஞ்சம் பெரிய வார்த்தை. என் தகப்பன் வயதுக்காரர்கூட என்னை 'ஐயா' என்றுதான் கூப்பிட வேண்டும். தோட்டத்துத் துரை எதைச் சொன்னாலும் "மார்க் மை வோர்ட்ஸ், கிராணி" என்று தொடங்குவார். அவர் சொன்னபடியே குறித்து வைத்தேன். முதல் மாதத்தில் பதினேழு தடவை, நடந்தது இரண்டு.

பால் மரம் வெட்டுவதைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அது பட்டையைச் சீவும் வேலை. காகிதக் கனத்துக்குச் சீவினால் பால் வடியும். கத்தி ஆழமாகப் போனால் உள்மரத்தில் பட்டுவிடும். அதற்குக் காயம் என்று பெயர். காயம்பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பல வருடம் கழித்து அங்கே மறுபடி வெட்டும்போது கத்தி ஓடாது. ஒவ்வொரு ஆளுக்கும் முந்நூறு மரம் போல ஒரு நிரை. நிரை என்றால் அந்த ஆளுக்கென்று ஒதுக்கிய மரங்கள்.

துரை என்னைக் கூப்பிட்டு, எல்லா நிரையிலும் காயங்களை எண்ணச் சொன்னார், ஒவ்வொரு காயத்தின் மேலும் வெள்ளைச் சாயத்தில் ஒரு மார்க். யாரைப் பார்த்து இந்த வேலையைக் கொடுத்தார் பாருங்கள்! சாய டின்னும் தூரிகையுமாக நான் காட்டில் இறங்கினேன். அந்தச் சாய வாடைதான் ஆஸ்பத்திரி மையில் இருந்தது. எண்ணியதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அதைத் திருத்தி மேம்படுத்தினேன். ஆளுக்கு நூறு மார்க், காயத்துக்கு ஒன்று குறைத்து, மத்தியானம் பால் நிறுக்கும் கொட்டகையில் எல்லாருக்கும் முன்னால் வாசிப்பது என்று ஏற்பாடு. துரைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடைசியாக வரும் ஆளை மலைக்காட்டுக்கு மாற்றிவிடு என்றார். மலைக்காடு ஒன்றரை மைல் தள்ளி, செங்குத்தான ஏற்றம், எல்லாம் வெட்டிச் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்கள்.

அடியிலிருந்து வாசித்தேன், என் வாத்தியாரைப் போலவே.

"பச்சையம்மா, மைனஸ் ஏழு."

கொட்டகை விழித்தது. தண்டல் கருப்பையா, அதாவது வேலையாட்களை மேய்க்கும் மேஸ்திரி, தனக்குத் தெரிந்தவரை விளக்கினார். "சுழிக்குக் கீழ ஏழுலா."

பச்சையம்மாவுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். புருசன் புகைக்கூண்டில் ரப்பர் காய வைக்கும் ஆள். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "சுழிக்குக் கீழயும் எடம் இருக்காங்க ஐயா? அங்க யாரு இருக்கா?"

"நீதான் புள்ள மொதல்ல குடி போற!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஐயா, அதெல்லாம் மாயாண்டி வெட்டுன காயம். அவரு ஊருக்குக் கப்பல் ஏறுன பொறவுதான் அந்த நெரைய எனக்குக் குடுத்தாங்க. நான் வந்து ஒரு வருசம்கூட ஆவல."

"காயம் மரத்துல இருக்கு. மரம் உன் நெரையில இருக்கு" என்றேன். தொண்ணூற்றாறு மார்க் வாங்கியவனுக்கு இதைவிட எளிய கணக்கு உண்டா?

அவளுக்கு மார்க் முக்கியமில்லை. நாலு மாதக் கைப்பிள்ளை இருந்தது. அவளுடைய நிரை ஆயாக் கொட்டகைக்குப் பின்னாலேயே. வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. மரம் வெட்டி முடித்து, மங்குக் கிண்ணங்களில் பால் வடிந்து நிறையும்வரை ஒன்றிரண்டு மணி நேரம் ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் ஓடிப்போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். கடைசி மரத்திலிருந்து கொட்டகை வாசலுக்கு முந்நூற்றுப் பத்துக் காலடி. நானே நடந்து எண்ணியிருக்கிறேன்.

"தூரமாப் போட்டீங்கன்னா புள்ளைக்கிட்ட வந்து போவ முடியாதுங்க ஐயா" என்றாள். "வேற எதுவாச்சும் செய்யிங்க. புல்லு வெட்டச் சொல்லுங்க, வெட்டுறேன். அந்த நெரைய மட்டும் எடுக்காதீங்க."

"ஆயா டின் பால் குடுக்கும்" என்று சொல்லிப் பட்டியலில் அடுத்த பெயரை வாசித்தேன்.

அவள் மலைக்காட்டுக்குப் போன நாலாம் நாள், வேலை முடிந்து எல்லாரும் குளிக்கப் போன நேரம், அவள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். கையில் வெட்டுக்கத்தி. எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

"ஒரே ஒரு மரம் வந்து பாருங்க ஐயா. ஒன்னு பாத்தாப் போதும்."

போனேன். பழைய நிரையில் முதல் மரம். என் வெள்ளை மார்க் ஒன்றைக் கத்தி முனையால் சுரண்டினாள். கீழே வெல்லக்கட்டி போல ஒரு முடிச்சு. முனையால் தட்டினாள், கல்லைத் தட்டினாற்போல் கேட்டது.

"இது தழும்புங்க. இதுக்கு என்னா வயசு இருக்கும்? எம் புள்ளைய விடப் பெருசு. எங் கல்யாணத்த விடப் பெருசு." அடுத்த மார்க்குக்குப் போனாள். அங்கே பட்டை ஈரமாக, பழுப்பாகக் கசிந்திருந்தது. "இது நான் வெட்டுனது. இத நான் ஒத்துக்கிறேன்."

இரண்டு சாயங்காலம் நான் தனியாக அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்களையும் மறுபடி பார்த்தேன். நூற்றேழு மார்க்கில் தொண்ணூற்றெட்டு பழைய தழும்பு, அவளுடையது ஒன்பது. நூறில் ஒன்பது போனால் தொண்ணூற்றொன்று. தோட்டத்திலேயே அதற்கு முன் முதலாவதாக வந்திருந்தவர் எண்பத்துநாலு.

அப்போதே துரையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. என் மார்க் ஏற்பாட்டை அவர் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். என் முதுகில் ஒரு தட்டும் தட்டியிருந்தார். வாயால் சொன்னால் நாக்கு குழறும் என்று கடிதமாக எழுதப் பார்த்தேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். 'தவறு' என்பதற்கு இங்கிலீஷில் அவமானம் குறைந்த சொல் ஒன்றைத் தேடினேன். 'மிஸ்டேக்' பள்ளிப் பையன் செய்வது மாதிரி இருந்தது. 'எரர்' கொஞ்சம் படித்தவன் செய்வது மாதிரி. இப்படிச் சொல் தேடியதில் பதினோரு நாள் போயிற்று. அந்தப் பதினோரு நாளும் அவள் காலையில் மலை ஏறி, வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் இறங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் போய்ச் சொன்னேன். துரை கணப்பொழுதுகூட யோசிக்கவில்லை. "அவ்ளோதானா? மாத்து" என்றார் தமிழிலேயே. பிறகு, "மார்க் மை வோர்ட்ஸ், கிராணி, நாளைக்கு மழை." மழை வரவில்லை.

மத்தியானம் கொட்டகையில், தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். "பச்சையம்மா, தொண்ணூத்தொன்னு. மொத மார்க். நாளையிலேருந்து உன் நெரை உனக்கே."

"வேணாங்க ஐயா" என்றாள்.

"ஏன்?"

"எதுக்குங்க? பால் வத்திப்போச்சு. மொத நாலு நாளு மாரு கட்டிக்கிச்சு, மரத்தடியில பீச்சி விட்டேன். அப்பறம் கொறஞ்சி நின்னுபோச்சு. புள்ள டின் பாலுக்குப் பழகிடுச்சு." குரலில் கோபமே இல்லை. "மேலயே இருந்துக்கிறேன். அதெல்லாம் கெழட்டு மரம். காயம் பட்டாலும் யாரும் மார்க் போட வர மாட்டாங்க."

வாளியைத் தூக்கியவள் திரும்பி நின்றாள். "அந்தத் தொண்ணூத்தொன்ன நான் என்னா செய்யணுங்க ஐயா? வீட்டுக்குக் கொண்டு போலாமா?"

கேலியா, தெரியாமல் கேட்டாளா? அறுபது வருடமாக அந்தக் கேள்வியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அன்று யாரும் சிரிக்கவில்லை. நான் கொட்டகையில் மார்க் வாசித்தது அதுவே கடைசி. சாயங்காலம் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு அவளுடைய பழைய நிரைக்குப் போனேன். பன்னிரண்டு மார்க்கைத் தேய்த்தேன். அழியவில்லை, பரவி இன்னும் பெரிதாகின. மீதியை விட்டுவிட்டு வந்தேன்.

ரப்பர் விலை விழுந்தபோது ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்கு அனுப்பினார்கள். அவள் குடும்பமும் கப்பலேறியதா, பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் வேறு தோட்டம் தேடிப் போயிற்றா, எனக்குத் தெரியாது. அதற்குள் நான் ஈப்போவில் வேறு வேலைக்கு வந்துவிட்டேன்.

ஆபரேசன் நன்றாகவே நடந்தது. அந்த நர்ஸ் பெண் பஞ்சால் ஒரே இழுப்பில் அம்பைத் துடைத்தெடுத்துவிட்டாள். மறுநாள் கட்டைப் பிரித்துவிட்டு டாக்டர் விரல்களைக் காட்டி எத்தனை என்றார். மூன்று என்றேன். "ஃபுல் மார்க் ஐயா!" என்றாள் அவள்.

சுங்கை சிப்புட் பக்கம் போன வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது காரை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். மலைக்காட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பச்சையம்மாவின் நிரை இருந்த இடத்தில் மாடி வீடுகள், நாற்பத்திரண்டு. பால் நிறுக்கும் கொட்டகை இல்லை, புகைக்கூண்டு இல்லை, முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு மரம் இல்லை. ஆயாக் கொட்டகை எந்த இடம் என்று காலடி எண்ணிப் பார்க்கலாமென்றால், எந்த மரத்திலிருந்து தொடங்குவது? அறுபது வயதுக்காரர் யாராவது அந்தப் பக்கம் பிறந்தேன் என்று சொன்னால், என் மனம் தானாகக் கழித்தல் போடத் தொடங்கிவிடுகிறது. கழித்து என்ன பயன்? அந்தக் கொட்டகையில் இருபத்துமூன்று பிள்ளைகள் இருந்தன, எண்ணியிருக்கிறேன். அவளுடையது ஆணா, பெண்ணா, என்ன பெயர் என்று கேட்டதில்லை. என் பட்டியலில் அதற்குக் கட்டம் இருக்கவில்லை.