அக்கம்மாளின் கானா விசா

கானா எந்தத் திசையில் இருக்கிறது என்று கடமலைக்குண்டில் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் அக்கம்மாள் அந்த நாட்டுக்கு டூரிஸ்ட் விசா போட்டிருக்கிறாள் என்பது பஸ் ஸ்டாப் டீக்கடை வரைக்கும் தெரிந்திருந்தது. "இலவங்காய் உடைக்கிறவளுக்கு வந்த வாழ்வைப் பாரு, ஆப்பிரிக்காவைச் சுத்திப் பாக்கப் போறாளாம்" என்று ஒருவன் என் காதுபடவே சொன்னான். செருப்பைக் கழற்றியிருப்பேன். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து தொலைக்கிறேனே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அக்கம்மாள் எனக்கு அடுத்த வீடு. இலவங்காய் உடைத்துப் பஞ்சு எடுக்கிற குடோனில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். அதிர்ந்து பேச மாட்டாள். புருஷன் சின்னக்கருப்பு ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர் வண்டியில் குழாய் இறக்குகிற ஆள். நாடு முழுக்கத் துளை போட்டு முடித்து, கடைசியில் கானாவில் ஒரு கம்பெனி வண்டிக்குப் போனார். ஒரு மாசி மாதம் அங்கேயே செத்துப்போனார். நெஞ்சுவலி என்றார்கள். குமாசி என்கிற ஊருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

புதைத்தது ஏன் என்பதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும்.

இந்தப் பக்கத்தில் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் பெட்டி தூக்கிப் போவது பெரிய காரியம். சாமியின் உடுப்பும் ஆயுதமும் அந்தப் பெட்டியில் இருக்கும். பங்காளிகளில் ஒரு சாவு விழுந்தால் தீட்டு, பெட்டி கிளம்பாது. அந்த வருஷம் பெட்டி தூக்குகிற முறை சின்னக்கருப்பின் அண்ணன் நல்லகண்ணுக்கு. சிவராத்திரிக்கு முந்தின நாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது அவருக்குத்தான். உடலை அனுப்பவா, அங்கேயே அடக்கம் செய்யவா என்று கேட்டார்கள். அனுப்பச் சொன்னால் சாவு ஊருக்குத் தெரிந்து பெட்டி நின்றுவிடும். கட்டினவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை அந்த மனுஷன். "அங்கனயே பொதைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். அக்கம்மாள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குலவை போட்டாள். கிடாக் கறி தின்றாள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளிடம் சொன்னார்கள். அவள் அழுத அழுகையை நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவள்.

அதற்கப்புறம் வந்த வருஷங்களில் பங்காளி வீடுகளில் மாடு செத்தது, போர் வற்றியது, ஒரு கல்யாணம் நின்றது. கோடாங்கியிடம் குறி கேட்டார்கள். சின்னக்கருப்பு அந்நிய மண்ணில் கிடந்து அழுகிறான், அவன் கிடக்கிற இடத்துப் பிடிமண் எடுத்துவந்து கோயிலில் பீடம் போட்டால்தான் குடும்பம் விளங்கும் என்று கோடாங்கி சொல்லிவிட்டான். யார் போவது? நல்லகண்ணு பின்வாங்கிவிட்டார். அந்த நாட்டுக்குப் போக மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட வேண்டும். அது வயசானவர்களுக்கு ஒத்துக்கொள்ளாதாம். எல்லாரும் அக்கம்மாளைப் பார்த்தார்கள்.

"போறேன்" என்றாள். பங்காளிகள் செலவுக்கு வரி போடுகிறோம் என்றதற்கு, "வேணாம், நானே பாத்துக்கிறேன்" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "ஏன் அக்கம்மா, உனக்குச் சூடு சொரணையே கிடையாதா? அவுக ஏவுன வேலைக்குத் தலையாட்டுற?" என்று கேட்டேன்.

"அவுக கெடக்குற எடத்தை ஒருக்காப் பாக்கணும் டீச்சர். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

முதல் தடவை தேனியில் ஒரு ஏஜெண்டிடம் அவளைக் கூட்டிப் போனது நல்லகண்ணுதான். எதற்குப் போகிறீர்கள் என்று ஏஜெண்டு கேட்க, இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மண்ணு எடுக்க" என்றிருக்கிறார். சுற்றுலா என்று போட்டுவிடலாமே என்று அந்த ஆள் சொல்லியும் கேட்கவில்லை. "சாமி காரியத்துக்குப் பொய் சொல்லப்படாது, உள்ளதை உள்ளபடி போடுங்க." ஏஜெண்டும் போட்டான். கானாவோ தங்கம் விளைகிற பூமி. மண் எடுக்க வருகிறேன் என்று எழுதினால் எவன் விசா கொடுப்பான்? மறுத்துவிட்டார்கள். கூடப்பிறந்தவன் சாவையே மறைத்த வாய், விசாவுக்குப் பொய் சொல்லக் கூசியதாம்.

இரண்டாம் தடவை அவளோடு நான் போனேன். ஊசிக்குத் தூத்துக்குடிக்கும் நானே கூட்டிப் போனேன். சின்னக்கருப்போடு வேலை பார்த்த சுரேஷ்கண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். அழைப்புக் கடிதம் அனுப்பினான். ஏஜெண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "எந்தெந்த எடம் சுத்திப் பாக்கப் போறீங்கன்னு காட்டணும்க்கா. பீச் போடவா? பழைய கோட்டை போடவா?" என்று கேட்டான்.

அக்கம்மாள் தயங்கித் தயங்கி, "குமாசிக்குப் பக்கத்துல பாக்குற மாதிரி ஏதாச்சும் இருக்காய்யா?" என்றாள்.

"ஒரு ஏரி இருக்கு."

"அப்ப அதையே போடுங்க."

புருஷன் குழிக்குப் போக ஏரியைக் காட்ட வேண்டியிருக்கிறது. நான் எழுந்து வெளியே வந்து நின்றுகொண்டேன். உள்ளே இருந்தால் யாரையாவது கடித்திருப்பேன்.

விசா வந்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் அவள் வீட்டு வாசலில் கூடினார்கள். நல்லகண்ணு புது மஞ்சள் துணியை நீட்டினார்.

"ஆத்தா, மூணு பிடி அள்ளி இதுல முடிஞ்சு கொண்டாந்துரு. ஊரு எல்லையில நாங்க வாங்கிக்கிறோம். நீ தாலி அறுத்தவ, கோயிலுக்குள்ள வரப்படாது."

அக்கம்மாள் கையை நீட்டவில்லை.

"நான் மண்ணு எடுக்கப் போகலை மாமா."

"என்ன ஆத்தா சொல்ற?"

"எம்புருசனைப் பாக்கப் போறேன். அவுகளைக் கொண்டாந்தா பெட்டி நின்னுரும்னுதேன அங்கனயே பொதைக்கச் சொன்னீக? அவுக அங்கனயே இருக்கட்டும். மண்ணு வேணுங்கிறவுக ஊசியப் போட்டுக்கிட்டு விசா வாங்குங்க."

கூட்டம் கசமுசவென்றது. நல்லகண்ணுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏலே, இவ பேசுறதைப் பாருங்கடா. இது சாமி குத்தம் ஆகும்டி!" என்று கத்தினார்.

அத்தனை வருஷத்தில் அக்கம்மாள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அவுக செத்துக் கெடக்கையில என்னையப் பூ வச்சுக் குலவை போடவிட்டீகளே, அது யாரு குத்தம்? அதை மொதல்ல அந்தக் கோடாங்கிகிட்டக் கேட்டுட்டு வாங்க."