கடற்கரைக் கள்ளியும் ஒரு சொட்டு ஆசிட்டும்

ரப்பர் தோட்டத்துக் கிராணி ஒருவன் கடற்கரைக் களையிலிருந்து பால் எடுத்து, அதில் ஆசிட் விட்டு, உறைகிறதா என்று குந்தி உட்கார்ந்து காத்திருந்தான். அந்தக் கிராணி நான்தான். யாரும் பார்க்காமல் செய்திருந்தால் இன்றும் வாய் திறந்திருக்க மாட்டேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன்.

ரப்பர் விலை தரையைத் தொட்டிருந்த காலம். கிராணி வேலையை எடுத்துவிடப் போகிறார்கள், கணக்கை இனித் துரையே எழுதுவார் என்று தோட்டத்தில் பேச்சு. எனக்குக் கணக்கெழுதுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. நிறையப் படிப்பேன், அதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

எங்கள் தோட்டம் ஜொகூரின் கிழக்குக் கரையை ஒட்டியது. மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்தைத் தாண்டி மாட்டுவண்டியில் போனால் கடல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடும், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரோடும் போயிருந்தபோதுதான் அந்தச் செடியைப் பார்த்தேன். அலை எட்டாத மேட்டு மணலில், அடம்பங்கொடிக்கு நடுவே, முழங்கால் உயரம்கூட இல்லாமல் பரந்து கிடந்தது. தடித்த இலைகள் ஜோடி ஜோடியாக. கணுக்களில் லேசான சிவப்பு. நுனியில், பூ என்று யாராவது சொன்னால்தான் தெரிகிற பூ. உச்சி வெயில், உப்புக் காற்று, கைப்பிடி மண்கூட இல்லாத வெறும் மணல். அதற்கோ அங்கே பரம சௌக்கியம். அடித்தண்டு கட்டை பாய்ந்திருந்தது. பல வருஷத்துச் செடி. ஒரு கிளையை ஒடித்தேன். வெள்ளை வெளேரென்று பால்; கள்ளி வகைதான்.

வேறு யாராவது என்றால் கையைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள். தோட்டத்துக்காரன் கண்ணுக்கு, பால் வடிகிற எதுவும் உறைந்து ரப்பராகியே தீரவேண்டும். போதாக்குறைக்கு, கள்ளியும் ரப்பரும் ஒரே குடும்பம் என்று எங்கோ படித்திருந்தேன். குடும்பத்தில் ஒருவருக்குள்ள குணம் மற்றவருக்கும் இருக்கும் என்று நம்பினேன். இத்தனை மைத்துனர்களை வைத்திருப்பவன் அப்படி நம்பியிருக்கக் கூடாது.

ஒரு செடியை வேரோடு பிடுங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் சாணம் போட்டு நட்டேன். மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும், புதுப் பால் செடி கண்டுபிடித்திருப்பதாகத் துரையிடம் அறிவித்தும்விட்டேன். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அந்த வாரம் முழுக்க மழை. செடி அழுகிப்போனது.

"சாணி போட்டா செத்துப்போற செடிய இப்பத்தாங்க பாக்குறேன்" என்றாள் மனைவி.

"கிராணியாரே, அதுக்கு உங்க உபசாரம் ஒத்துக்கல" என்றார் டிரெஸர். "துரைய அது இருக்கிற எடத்துக்கே கூட்டிட்டுப் போயிருவோம். நாங்களும் வர்றோம். தனியா அவமானப்பட வேணாம் பாருங்க."

ஞாயிறன்று துரை உண்மையாகவே வந்துவிட்டார். என் பிழைப்பு ஒரு மங்குப் பாலில் மிதந்தது. நாங்கள் மூவரும் மணலில் குந்தி, கிளை கிளையாக ஒடித்து, ரப்பர்ப் பால் பிடிக்கும் அதே மங்குக் கிண்ணத்தில் சொட்டவிட்டோம். காற்று தன் பங்குக்கு மணலைப் போட்டது. டிரெஸர், கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் குரலில், "சுருக்கா, சுருக்கா! வெயில் ஏறுது!" என்று அதட்டினார். என் மனைவி துரைக்கு முன்னால் முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள். முடியாமல் அலைப் பக்கம் ஓடிப்போய்ச் சத்தம் போட்டுச் சிரித்தாள். துரை பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் குந்தினார். அவருக்கும் கால் விரல்கள் உண்டு என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ரப்பர்ப் பாலை உறையவைக்கும் ஆசிட்டில் ஒரு சொட்டு விட்டேன். உறைந்தது! துரை அதை எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவே இழுத்தார். நீண்டது. விட்டார். திரும்பிச் சுருங்கவில்லை, விரலிலேயே ஒட்டிக்கொண்டது. துடைத்தார், கைக்குட்டை ஒட்டியது. தொப்பியைச் சரிசெய்யப் போனார், அதுவும் ஒட்டியது.

"கிராணி," என்றார் தம் தோட்டத் தமிழில், "நம்ம பால் வாங்க ஆள் இல்லே. நீ இன்னொரு பால் கொண்டு வர்றே!"

சொன்னவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்தேவிட்டார். கொஞ்ச நேரம் பயந்து நின்றோம்; பிறகு நாங்களும் சேர்ந்துகொண்டோம். மனைவி கட்டி வந்திருந்த புளிச்சோற்றை, மணல் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கை பிசுபிசுக்க, அவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் கடலுக்குப் போனோம். ஒடித்த செடிகள் எல்லாம் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து, பழையபடி மணலில் கால் நீட்டிப் படுத்திருந்தன. மாதக் கடைசியில் துரை என்னைக் கூப்பிட்டு, கணக்கை நானே எழுதலாம், வேலை என்னுடையதுதான் என்றார்.

அன்று மாலையே டிரெஸரிடம் ஓடினேன். பால் ரப்பராகாவிட்டால் என்ன, என் ஆராய்ச்சி மூளையைத் துரை மதித்துவிட்டார் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன். அவர் மருந்து கலக்குவதைக்கூட நிறுத்தவில்லை.

"ஆராய்ச்சியாவது ஒண்ணாவது! வெல விழுந்ததுலேருந்து அந்த மனுசன் சிரிச்சு யாரும் பாக்கல. தோட்டத்துல சிரிக்க வைக்க ஒரு ஆளு வேணும்னு உங்கள வெச்சிருக்காரு, கிராணியாரே."