தகரப் பெட்டிக்கு வைத்த பொட்டு

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிறு கலங்கும். அது அடங்குவதற்குள் பக்தி வந்துவிடும். நாற்பதைத் தொடப்போகிற இந்த வயதிலும், பல் டாக்டர் நாற்காலியைப் பின்னால் சாய்த்தால் போதும், பழனி முருகனுக்கு நான் பாக்கி வைத்திருக்கும் மொட்டைகள் வரிசையாக ஞாபகத்துக்கு வரும். இந்த வியாதி என்றைக்குத் தொடங்கியது என்றுகூட என்னால் சொல்ல முடியும். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடத்து ஆயுத பூஜை அன்று, பூஜை முடிந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த நேரம்.

அப்போது எங்கள் வீடு எரியோட்டில் இருந்தது. அப்பாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் எலக்ட்ரீஷியன். மில் பஸ்ஸில் போவார், மில் பஸ்ஸில் வருவார், வந்ததும் தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சைக்கூடத் தட்டாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தெருவில் மற்றவர்களின் சித்தப்பாக்கள் புறா வளர்த்தார்கள், சீட்டு ஆடினார்கள், கட்சியில் சேர்ந்தார்கள். என் சித்தப்பா வீட்டிலேயே சினிமா பார்ப்பதற்கென்று கம்ப்யூட்டர் கட்டினார். டைப் அடிக்கவோ கணக்குப் போடவோ இல்லை. டிவியோடு இணைத்து, சிடியைப் போட்டு, கொட்டகையில் உட்கார்ந்த மாதிரி சத்தத்தோடு படம் பார்க்க மட்டும்.

திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் கடைகளில் தேறாது என்று ஒதுக்கியதையெல்லாம் கேட்டு வாங்கி, சாப்பாட்டுத் தூக்கில் போட்டுக் கொண்டுவருவார். முதலில் கட்டியதில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவதில் சத்தம் மட்டும் வந்தது. ரேடியோ ஒன்றைக் கண்டுபிடித்ததற்காக அப்பா அவரைப் பாராட்டினார்.

மூன்றாவதைத்தான் தகரப் பெட்டிக்குள் கட்டினார். அப்பா விடுதியில் தங்கிப் படித்தபோது கொண்டுபோன பெட்டி அது. மூடியில் பெரிய ரோஜாப்பூ. அம்மா அதில் மடித்து வைத்திருந்த போர்வைகளைச் சித்தப்பா எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பக்கவாட்டில் வட்டமாக வெட்டி விசிறி பொருத்தி, உள்ளே பச்சைப் பலகையும் ஒயர்களும் வைத்தார். ஸ்பீக்கர்கள் நான்கும் நான்கு மண்பானைகளின் வாயில் உட்கார்ந்தன. பானைக்குள்ளே இருந்து வந்தால் சத்தத்துக்குக் கனம் கூடும் என்பது அவர் கணக்கு. கூடத்தின் நான்கு மூலையிலும் பானை. தண்ணீர் கேட்டு வந்த பால்காரர் ஒருநாள் அதில் ஒன்றுக்குள் டம்ளரை விட்டுப் பார்த்தார்.

அன்றைக்குத்தான் அப்பாவுக்குப் பொறுமை போனது.

"விஜயதசமி வரைக்கும்தான் ஒனக்குக் கெடு. அன்னைக்கு இது ஓடலைனா, மறுநாளே பழைய இரும்புக்காரனக் கூப்புட்டு அம்புட்டையும் அள்ளி விட்டுருவேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுக்குள்ள ஒரு ஒயரு வரக்கூடாது."

சித்தப்பா சரி என்று தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். விஜயதசமி காலையில் படம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, திண்டுக்கல்லில் டிவி கடை வைத்திருந்த மாமாவையும் வரச் சொல்லிவிட்டார். மாமா, என் அத்தையின் கணவர். அட்டைப் பெட்டியில் வராத எந்தச் சாமானையும் நம்பாதவர். தோற்பதைப் பார்ப்பதற்கு வராமல் இருப்பாரா?

இனி என் பங்கு.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கும் பதவி என்னுடையது. அம்மா சந்தனத்தைக் குழைத்துக் கிண்ணத்தில் தருவாள். அரிவாள்மனை, மிக்ஸி, அப்பாவின் சைக்கிள், கடப்பாரை, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைக்க வேண்டும். நான் அதில் கறாரானவன். சைக்கிள் என்றால் ஹேண்டில்பாரில் ஒரு பொட்டோடு முடித்துக்கொள்கிறவன் இல்லை. செயின், பெடல், இரண்டு சக்கரம், பெல் என்று ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியாகக் கவனிப்பேன்.

சித்தப்பா தகரப் பெட்டியைக் காட்டி, இதுக்கும் ஒண்ணு வச்சு விடுலே என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். ரோஜாப்பூவின் நடுவில் ஒன்று வைத்தேன். வைத்த பிறகு யோசனை வந்தது. பொட்டு பெட்டிக்குத்தானே போயிருக்கிறது? ஆயுதம் உள்ளே அல்லவா இருக்கிறது?

மூடியைத் திறந்தேன். விசிறிக்கு விபூதிப் பட்டை போட்டேன். பச்சைப் பலகையின் ஓரத்தில் ஒரு நீளமான துண்டு நின்றுகொண்டிருந்தது. அதை அவர் இரண்டு பக்கக் கொக்கியையும் அமுக்கிக் கழற்றுவதை நூறு முறை பார்த்திருக்கிறேன். கழற்றினேன். அதன் கீழ் விளிம்பில் தங்க நிறத்தில் சீப்புப்பல் மாதிரி வரிசை. இவ்வளவு நகை போட்டிருக்கிறதே, இதுதான் முகமாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, தங்கத்தின் மேல் வரிசையாக ஐந்து பொட்டு வைத்தேன். ஈரச் சந்தனம், நல்ல கெட்டி. வைத்துவிட்டு, அது முன்பு நின்ற பள்ளத்திலேயே 'டக்' என்று சத்தம் வரும்வரை அமுக்கி நிறுத்தினேன். மூடியைச் சாத்தினேன். அவ்வளவு திருத்தமாக அதற்குமுன் நான் எந்த வேலையும் செய்ததில்லை.

சாயங்காலம் பூஜை. கூடத்து மூலையில் பலகை போட்டு, தகரப் பெட்டிக்கு மாலை சுற்றி, பக்கத்தில் என் புத்தகங்களையும் ஜாமெட்ரி பாக்ஸையும் அடுக்கி, சூடம் காட்டினார்கள். எல்லாரும் பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தபோது எதிர்வீட்டு அண்ணன் பெட்டியைத் தொட்டுப் பார்க்கப் போனார். சித்தப்பா பதறித் தடுத்தார். உள்ளே நிற்கிற துண்டின் தங்க விளிம்பில் கை ஈரம் பட்டாலே போச்சு என்றும், அது கெட்டால் பெட்டி விட்டு விட்டு 'பீப், பீப்' என்று கத்துமே தவிரப் படம் வராது என்றும், ஒரே ஒரு 'பீப்' வந்தால்தான் நல்ல உயிர் என்றும் விளக்கினார்.

எனக்குச் சுண்டல் தொண்டையில் நின்றது. அதற்குப் பின் வயிறு. அதற்குப் பின், நான் முன்பே சொன்ன பக்தி.

பெட்டியைத் திறந்து துடைத்துவிடலாம் என்றால் வழியில்லை. பூஜையில் வைத்த பொருளை மறுநாள் காலையில் மறுபூஜை போட்டு எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. இந்த விஷயத்தில் அம்மா போலீஸ். தொட்டால் படிப்பு வராது என்று சொல்லியிருந்தாள். எனக்கு ஏற்கெனவே அது சரியாக வராமல்தான் இருந்தது. சித்தப்பாவிடம் உண்மையைச் சொல்லலாம் என்று துணிந்து, பின்கட்டில் கைகழுவிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன். துணிச்சல் பாதி வழியில் இறங்கிக்கொண்டது.

"சித்தப்பா, சந்தனம் பட்டா என்ன ஆகும்?"

"எதுல?"

"சும்மா... பொதுவா."

அவர் என்னைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். துண்டை எடுத்து நிதானமாகக் கையைத் துடைத்தார்.

"பொதுவா குளிர்ச்சிதானப்பு" என்றார்.

ஆபத்து ஒன்றும் தெரியாத அப்பாவி மனுஷன், நாளைக்கு ஊர் சிரிக்கப்போகிறதே என்று எனக்கு அவர்மேல் பரிதாபம் பொங்கியது. படுப்பதற்குள் பழனிக்கு மொட்டை, தெருமுனைப் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம், பள்ளிவாசலுக்குச் சர்க்கரை, மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி என்று எல்லாத் தரப்பிடமும் மனுப் போட்டேன். அது போதாதென்று, காலையில் வேடசந்தூர் மில் பஸ்ஸில் ஏறி ஊரைவிட்டே போய்விட முடிவுசெய்து நான்கு முறுக்கைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். கண்மூடாமல் விழித்துக் கிடந்தேன் என்று எழுத ஆசைதான். முறுக்கைத் தின்றுவிட்டு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

காலையில் எழுந்தபோது சித்தப்பா குளித்து, ஈரத்தலையோடு, வேட்டி கட்டி, திருநீறு பூசிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். லீவு நாளில் வெயில் சுடாமல் படுக்கையை விட்டு எழாதவர். "என்ன தம்பி, என்னைக்குமில்லாத அதிசயமா இருக்கு" என்று அம்மா கேட்டதற்கு, இன்னைக்கு நம்ம தலவிதி மதினி, குளிச்சாவது பாப்போம் என்றார்.

அம்மா மறுபூஜை போட்டுப் பொருள்களை எடுத்துக் கொடுத்தாள். மாமா வந்து சேர்ந்தார். அத்தை வந்தாள். தெரு வந்தது. ஜன்னலில் இடம் பிடிக்கச் சண்டை நடந்தது. சித்தப்பா ஒயர்களை ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டிருந்தபோது நான் மூன்றாவது முறையாகக் கொல்லைக்குப் போய்வந்து, கதவோரமாக நின்று, மில் பஸ் இந்நேரம் போயிருக்குமே என்று வருந்திக்கொண்டிருந்தேன்.

"என்ன மாப்ள, சோறு வடிச்ச பானையில எல்லாம் சினிமா தெரியுமா?" என்றார் மாமா. கூட்டம் சிரித்தது. அப்பா சிரிக்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

சித்தப்பா நிமிர்ந்து, கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தார்.

"ஏலே, அங்க என்ன பண்ற? பொட்டு வச்சது நீதான? வா, நீயே சுவிட்சப் போடு."

யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள். மாலை போட்ட ஆட்டுக்கு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்று தெரிந்தது. கண்ணை இறுக்க மூடி, மொட்டையோடு காது குத்தலையும் சேர்த்துக்கொண்டு, பொத்தானை அமுக்கினேன்.

விசிறி சுற்றியது. விபூதி பறந்து வருமென்று நினைத்தேன், வரவில்லை.

பீப்.

அடுத்ததற்குக் காத்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் எதற்கும் காத்திருந்ததில்லை. இரண்டாவது வரவேயில்லை. கண்ணைத் திறந்தபோது டிவியில் நீலமாக வெளிச்சம் வந்து, எழுத்து ஓடி, படம் தெரிந்தது. அதே நொடியில் நான்கு பானையும் ஒன்றாக முழங்கின. பரணில் இருந்த பித்தளை அண்டா அதிர்ந்தது. வெளியே கட்டியிருந்த எதிர்வீட்டு ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. ஜன்னலில் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள்.

சித்தப்பா சிரிக்கவில்லை, காத்திருந்தார். ரயில் வரும் காட்சிக்காக. இடதுபக்கப் பானையில் கூவிப் புறப்பட்ட ரயில் கூடத்தின் குறுக்கே தடதடத்து ஓடி வலதுபக்கப் பானைக்குள் போய் மறைந்தது. அந்தப் பாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மாமா, திண்டுக்கல்லில் டிவி கடை வைத்திருக்கும் மாமா, சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

அதைத் தெருவே பார்த்தது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அந்த ரயிலை மட்டும் ஏழு முறை திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, காலை இழுக்காமல் இருக்க முயன்று தோற்றார்கள். கடைசியாக அப்பாவும் உட்கார்ந்தார். இழுத்தார். எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு, "அந்த மூலைப் பானைக்கு அடியில ஒரு மணை போட்டா ஆடாதுல்ல?" என்று தம்பியைக் கேட்டார். பழைய இரும்புக்காரனின் பேச்சே அதற்குப்பின் வீட்டில் எழவில்லை.

படம் முடிந்ததும் மாமா சித்தப்பாவைத் தோளில் கைபோட்டு ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார். இந்த மாதிரி பத்துப் பெட்டி செய்து கொடு, கடையில் வைக்கிறேன், நீ மில்லுக்கே போக வேண்டாம் என்றார். சித்தப்பா தலையைச் சொறிந்தார்.

"பத்து செஞ்சா அது வேலையாயிரும் மச்சான். வேலைக்குத்தான் மில்லு இருக்குல்ல."

அடுத்த மாதமே அதைப் பிரித்துப்போட்டு நான்காவதைத் தொடங்கினார். சத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கி வரலாமாம். அப்பாவே வடமதுரைச் சந்தையில் இரண்டு பானை வாங்கிவந்து கொடுத்தார்.

வெற்றி முழுவதும் என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் மனுவைத்தான் மேலே யாரோ எடுத்து விசாரித்திருக்கிறார்கள். தேங்காய் மூடி உருண்டு கிடந்த வாசலில் தலையை நிமிர்த்தி நடந்தேன். அன்று ஒரே ஒரு குறைதான். விஜயதசமிக்குப் படிக்க வேண்டுமே என்று ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தால், பூஜைக்கு முந்தின நாள் வாங்கிய என் புது அழிரப்பர் பாதியாகத் தேய்ந்து, ஓரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தது. தங்கச்சியைத் தவிர யார் செய்வார்கள்? அவள் சத்தியம் செய்தாள், அழுதாள். நான் நம்பவில்லை, அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன். சித்தப்பா ஓடிவந்து விலக்கினார். எந்த விசாரணையும் நடத்தாமல் மறுநாள் வேடசந்தூரிலிருந்து இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு அழிரப்பர் வாங்கிவந்தார். அநியாயம், குற்றவாளிக்கும் பரிசா என்று ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.

போன தீபாவளி லீவில் நானும் ஒரு பெட்டி கட்டினேன். வேறெதற்கும் இல்லை, வீட்டில் படம் பார்க்கத்தான். விற்கவா போகிறோம் என்று மனைவி கேட்டாள். வேலைக்கு ஆபீஸ் இருக்கிறதே என்றேன். சுவிட்சைப் போட்டால் விட்டு விட்டு பீப், பீப், பீப். எனக்கு வழக்கப்படி வயிறு கலங்கி, பழனிக்கு ஒரு மொட்டையும் நேர்ந்தாகிவிட்டது. ரிப்பேர் தெரிந்த நண்பனுக்குப் போன் போட்டேன். இதுக்கு ஏன்டா சாமியக் கூப்பிடுற, அந்தத் தங்க விளிம்பை அழிரப்பர் வைத்துத் தேய், ஊருக்கே தெரிந்த வைத்தியம் என்றான்.

மகளின் பென்சில் பெட்டியிலிருந்து அழிரப்பரை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாலு இழுப்பு இழுத்திருப்பேன். கை அப்படியே நின்றது.

உடனே எரியோட்டுக்குப் போன் செய்தேன். சித்தப்பா எடுத்தார். பின்னால் ஏதோ படத்துச் சத்தம், கனமாக.

"சித்தப்பா, ஆயுத பூஜையில வச்ச சாமானை, மறுபூஜைக்கு முன்னாடி தொட்டா என்ன ஆகும்?"

"எந்தச் சாமான்?"

"சும்மா... பொதுவா."

படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"பொதுவா ஒண்ணும் ஆகாதுப்பு. ஒங்கம்மாட்ட மட்டும் சொல்லிப்புடாத."