சாயங்காலக் கை

“மெஹராஜ், மிஷினு கெட்டுப்போச்சுன்னு அமெரிக்காக்காரன் எழுதியிருக்கான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கை தூக்கவே மாட்டேங்குதாம்” என்றார் சசிதர்.

“கெடலீங்க சார். ஆறு மணிக்கு மேல அது அப்படித்தான் இருக்கோணும்” என்றாள் மெஹராஜ்.

சசிதர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மின்னஞ்சலை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். உருளும் குண்டை இரண்டு கைகளால் தட்டி ஆடும் பின்பால் விளையாட்டைக் கணினிக்காக இவர்கள் செய்து அனுப்பியிருந்தார்கள். அதை அங்கே ஒருவர் தன் வீட்டில் வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார். விளக்கு வைத்த பிறகு கை சோர்ந்து போயிருக்கிறது. விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். கீபோர்டை மாற்றினார். கோபத்தில் படுத்துத் தூங்கிக் காலையில் எழுந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. அன்று மாலை மறுபடி அதே கதை.

“பாவமுங்க அந்த மனுசன், கீபோர்டு என்ன பண்ணுமாம்?”

“சிரிக்காதீங்க. இது புரோகிராம்ல இருக்கற பக். எடுத்துப்போட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க.”

“எடுக்க மாட்டேனுங்க.”

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்குப் பிடித்து நடந்த அலுவலகம் அது. அவள் குரலை உயர்த்திச் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்த மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அந்த மாடியில் சசிதரிடம் ‘மாட்டேன்’ என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அப்பாவுடைய மில் பணத்தில் தொழில் தொடங்கியவர் என்றாலும் வேலை செய்கிறவர்களை ‘நீங்க’ போட்டுப் பேசும் மனிதர். அவரை எதிர்க்க யாருக்கும் காரணம் வாய்க்கவில்லை.

மெஹராஜுக்கு வாய்த்த காரணம் பதினாறு வருடம் பழையது.

கோட்டைமேட்டில் அவளைப் பெற்ற அத்தா நாகூர் மீரானுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை; கருகிய மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கருகிப்போன மோட்டார்கள் பேருந்தின் கூரையில் ஏறி அங்கே வந்து இறங்கும். கருகுவதற்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான்: மின்சாரம் போதாமல் வரும், மோட்டார் திணறும், சூடேறும், புகையும். அதனால் கொங்கு நாட்டில் காயில் கட்டுகிற யாரும் கம்பெனிக்காரன் கட்டியபடி கட்டுவதில்லை. கம்பியைத் தடிமனாக்கி, சுற்றைக் குறைத்து, ‘லோ வோல்டேஜுக்கு’, அதாவது குறைந்த மின்சாரத்திலும் ஓடும்படி, கட்டுவார்கள். கேட்டுக் கட்டுவது கிடையாது. டீயில் சர்க்கரை போடுவதுபோல் அது தானாக நடக்கும்.

வீட்டுக்குள்ளிருந்தபடியே மெஹராஜும் காயில் கட்டினாள். மெல்லிய கம்பி அத்தாவின் தடித்த விரலுக்குப் படியாது, அவள் விரலுக்குப் படியும். அவளுக்கு இருபது வயதிருக்கும்போது கருமத்தம்பட்டிக்குப் பக்கத்து மில் ஒன்றின் எலக்ட்ரீஷியன், கருகிய சின்னக் காயில்கள் இரண்டைப் பையில் கொண்டுவந்து போட்டார். எதனுடையது என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஏதோ ஸ்டார்ட்டர் காயில் என்று நினைத்து வழக்கம்போல் லோ வோல்டேஜுக்குக் கட்டினாள். அத்தாவோடு மாட்டிக் கொடுக்கப் போன இடத்தில்தான் தெரிந்தது, அது விளையாட்டுச் சாமான் என்று.

மில் முதலாளி நரசிம்மலு நாயுடு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைத்து ஆபீசர்கள் கிளப்பில் வைத்திருந்த பின்பால் மேசை. சாய்வான பலகை, மேலே கண்ணாடி, உள்ளே ஓடும் எஃகுக் குண்டு. பொத்தானை அழுத்தினால் எழுந்து, குண்டு கீழே விழாமல் தட்டிவிடப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கைகள். எலக்ட்ரானிக்ஸ் என்று ஒரு பொட்டு கிடையாது. எல்லாம் காயில், ரிலே, நிஜ மணி. குண்டு இடிக்கும்போதெல்லாம் மணி அடித்து எண் உருளை சடக்கென்று திரும்பும்.

“தொட்டுப்போடாதம்மிணி. ஆபீசருங்க ஆடறது” என்றார் கிளப் வாட்ச்மேன். கைகள் இரண்டுக்கும் உயிர் கொடுத்தவள் அந்தப் பொத்தானை ஒருமுறைகூட அழுத்தாமல் வீடு திரும்பினாள்.

மறுநாள் காலை கிளப்பிலிருந்து ஆள் வந்தது. குண்டு துள்ளிப்போய்க் கண்ணாடியை இடிக்கிறதாம். காலையில் மின்சாரம் முழுதாக வரும்; லோ வோல்டேஜுக்குக் கட்டிய காயில் அதில் மிஞ்சி அடிக்கும். அத்தா வேலையை முடித்துக்கொண்டு சாவகாசமாகச் சாயங்காலம் போனார். சுற்றுவட்டாரத்து விசைத்தறியும் பம்ப்செட்டும் வீட்டு விளக்கும் ஒன்றாகச் சேர்ந்து மின்சாரத்தை இழுக்கிற நேரம். குண்டு பூப்போல ஏறியது. “நல்லாத்தானுங்க இருக்குது” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். காலையில் போய்ப் பார்க்க அவருக்கு நேரமே வாய்க்கவில்லை.

அதன்பின் கிளப்பே மிஷினுக்குப் பழகிக்கொண்டது. ‘காலைக் கை’ என்றால் முரட்டுக் கை, லீவு நாட்களில் பிள்ளைகள் கூச்சல் போட்டு ஆட. ‘சாயங்காலக் கை’ பெரியவர்களுடையது. ஏழு மணி மின்சாரத்தில் குண்டை அடிக்க முடியாது, ஏந்தத்தான் முடியும். ஏந்தி, கையின் நுனிவரை உருளவிட்டு, விழப்போகிற கடைசி நொடியில் தள்ள வேண்டும். அதில் ஊறியவர் நாயுடுவின் மனைவி பங்காரம்மா. ஆபீசர்கள் அவரிடம் மரியாதைக்காகத் தோற்பதுபோல் காட்டிக்கொள்வார்கள். நிஜமாகத்தான் தோற்றார்கள்.

பிறகு நாயுடு காலமானார், கிளப்பை மூடினார்கள், மிஷின் ரேஸ் கோர்ஸில் பங்காரம்மாவின் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. மெஹராஜின் வாழ்க்கையிலும் ஒரு கதவு மூடியது. கடை தம்பிக்குத்தான் என்றார் அத்தா. “சரிங்கத்தா. அப்ப நான் கடைக்கு வரலே” என்றவள் கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்கள், வேலையை விடச் சொன்னார்கள். அவர்களைத்தான் விட்டாள். முப்பது தாண்டியபின் சசிதரிடம் வேலை கிடைத்தது. சசிதர் அந்தப் பங்காரம்மாவின் மகன் என்பது வேலையில் சேர்ந்து வெகுநாள் கழித்தே அவளுக்குத் தெரிந்தது.

சசிதருக்கு வேலை கொடுத்த அமெரிக்கக் கம்பெனி கணினிக்குப் பின்பால் விளையாட்டுகள் செய்து விற்றது. மின்னலும் இடியும் பேசும் டிராகனுமாகப் புதுப்புது மேசைகளை இங்கே செய்து அனுப்பினார்கள். 1999 தொடக்கத்தில் அங்கிருந்து வந்த செய்தி எல்லாரையும் குழப்பியது. ஆடுகிறவர்கள் டிராகனைக் கேட்கவில்லையாம். மணி அடிக்கிற, எண் உருளை சுற்றுகிற பழைய மேசை வேண்டும் என்று இணையத்தில் எழுதிக் குவிக்கிறார்களாம். பெயர்பெற்ற பழைய மேசைகளுக்கு உரிமை வாங்கத் தாமதமாகும். அதுவரை, ஏதாவது ஒரு பழைய மேசை செய்து அனுப்புங்கள் என்றார்கள்.

“எங்கம்மா ஊட்டுல ஒண்ணு கெடக்குது” என்றார் சசிதர்.

“தெரியுமுங்க” என்றாள் மெஹராஜ்.

அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. நாள்தோறும் மாலையில் ரேஸ் கோர்ஸுக்குப் போவாள். பங்காரம்மா ஆட, அவள் வோல்ட் மீட்டரைப் பார்ப்பாள். வோல்டேஜ் இறங்க இறங்கக் கை எப்படித் தளர்கிறது, குண்டு எங்கே மயங்கி நிற்கிறது, எல்லாவற்றையும் அளந்து கணக்காக்கிக் கணினியின் கடிகாரத்தோடு கோர்த்தாள். அதில் மணி ஆறைத் தாண்டினால் விளையாட்டின் கையும் தளரும்.

ஒருநாள் மணியையும் ஒரு காயிலையும் கழற்றி, வீட்டில் வைத்துப் பார்க்க எடுத்துவந்தாள். போன வருடத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, கோட்டைமேட்டுக்குள் போகவும் வரவும் போலீஸ் சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டியிருந்த காலம். பையில் செம்புக் கம்பி, ஒயர், மீட்டர். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரி பையைப் பார்த்துவிட்டு, “ஏண்டி, உனக்கு வேற நாளே கெடைக்கலியா? திருப்பிக் குடுத்துட்டு வா” என்று கையைப் பிடித்தாள். மெஹராஜ் நேராகப் போய், கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து மேசையில் பரப்பினாள்.

“என்னம்மா இது?”

“காயிலுங்க. இது மணி. இது வோல்டேஜ் பாக்கற மீட்டரு. விளையாட்டு மிஷினோட சாமானுங்க.”

“உனக்கெதுக்கு விளையாட்டு மிஷினு?”

“என்ற வேலைங்க அது.”

கான்ஸ்டபிள் மணியை விரலால் சுண்டிப் பார்த்தார். டிங். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னார். மேலதிகாரி வந்து பார்த்து அனுப்பியபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பையை மூடியபடி, “நாளைக்கும் இதே பைதானுங்க வரும். ஞாபகம் வெச்சுக்கோங்க” என்றாள். மறுநாளும் அதே பையோடுதான் அந்த வழியே வந்தாள்.

அப்படிச் சேர்த்த சாயங்காலக் கையைத்தான் சசிதர் இப்போது பக் என்கிறார்.

“காசு குடுக்கறவன் வேண்டாங்கறான். உங்களுக்கு என்ன பிடிவாதம்?”

“அவிங்க கேட்டது பழைய மிஷினுங்க. கரண்ட்டுல ஓடற மிஷினு. கரண்ட்டு கொறஞ்சா அதுவும் கொறயும். எப்பவும் ஒரே மாதிரி அடிக்கோணும்னா டிராகனையே ஆடச் சொல்லுங்க.”

“எங்க ஊட்டு மிஷினு எனக்குத் தெரியாதா? காலேஜு படிக்கறப்ப ஆடியிருக்கேன். கண்ணாடி ஒடயற மாதிரி அடிக்கும் அது!”

மெஹராஜ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “எப்பங்க ஆடுனீங்க?”

“லீவுல. காலைல…” சசிதருக்கே அப்போதுதான் உறைத்தது. பிறகு வீம்பாக, “நீங்க எடுக்கலீன்னா நானே எடுத்துக்கறேன்” என்றார். எடுக்கவும் செய்தார். அவருக்கும் நிரல் எழுதத் தெரியும்.

“எடுத்ததுதான் எடுத்தீங்க. அனுப்பறதுக்கு முந்தி உங்கம்மாகிட்ட ஒருக்கா காட்டிப்போடுங்க” என்றாள் மெஹராஜ். “அவிங்களும் அதுதான் மிஷினுன்னு சொன்னா, நான் வாயே தொறக்க மாட்டேனுங்க.”

வியாழக்கிழமை மாலை மிஷினுக்குப் பக்கத்திலேயே கணினியை வைத்தார்கள். பங்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சசிதர் திருத்தியதை முதலில் ஆடினார். குண்டை ஏந்தினார், நுனிவரை உருளவிட்டார், கடைசி நொடியில் தட்டினார். குண்டு பீரங்கிபோல் கிளம்பி மூலையில் மோதி, நேராகப் பள்ளத்தில் விழுந்தது. மறுபடி ஆடினார். மறுபடி விழுந்தது.

“ஏரா சசி,” என்று தெலுங்கில் அதட்டினார், “இது எந்த ஊரு மிஷினு?”

“நம்ம மிஷினுதாம்மா.”

“நம்ம மிஷினு எங்கைக்குத் தெரியாதா? இது எருமையப் புடிச்சுப் பெட்டைக்கோழின்னு காட்டற கதையா இருக்குது. கண்ணு, நீ கட்டுனதப் போடு.”

மெஹராஜ் போட்டாள். விளக்கு மங்கலாகும் நேரம். குண்டு சோம்பலாக ஏறி, மயங்கி, இறங்கி வந்தது. பங்காரம்மாவின் விரல்களுக்கு உடனே அடையாளம் தெரிந்தது. மணி அடித்தது, உருளை திரும்பியது, மறுபடி அடித்தது. ஆடிக்கொண்டே பேசினார்: “உங்கொப்பன் இதுல தோத்துப்போட்டு மூணு நாள் எங்கூடப் பேசலே. இதப்போயி எடுத்துப்போடறேங்கறியே.”

சசிதர் எழுந்து நிஜ மிஷினின் முன்னால் போய் நின்றார். இத்தனை வருடத்தில் முதல்முறையாகச் சாயங்காலத்தில் அதன் பொத்தானை அழுத்தினார். குண்டை அடிக்கப் பார்த்தார். கை பாதிவரை எழுந்து தளர்ந்தது. குண்டு அவர் கண்முன்னால் சாவகாசமாக உருண்டு பள்ளத்தில் இறங்கியது.

“அடிக்காதீங்க சார். ஏந்துங்க” என்றாள் மெஹராஜ்.

“இப்படிக் கட்டிக் குடுத்தது எந்தக் கிறுக்கன்?”

“கிறுக்கிங்க. நாந்தான். மோட்டாரு ஸ்டார்ட்டருன்னு நெனச்சுக் கட்டிப்போட்டேன். அதான் காலைல கண்ணாடிய இடிக்குது; கம்பெனிக்காரன் கட்டுனபடி இருந்தா இந்நேரத்துக்குக் கையே எந்திரிக்காது.”

அவர் திரும்பிப் பார்த்தார். “அப்ப இது தப்புதானே?”

“தப்பாவே இருந்துட்டுப் போவுதுங்க. இத்தன வருசமா உங்க ஊட்டுல இதத்தான ஆடறாங்க? அந்த ஊர்க்காரங்களுக்குத் தப்பில்லாத மிஷினு அவிங்க ஊர்லயே கெடைக்கும். இங்கிருந்து போறது இதுதான்.”

வெள்ளிக்கிழமை சசிதர் தன் பெயரில் பதில் எழுதினார்: இது கோளாறு அல்ல, இந்த மேசை இப்படித்தான். கம்பெனி விடவில்லை. சாயங்காலத்தை எடுங்கள், இல்லையென்றால் இந்த மேசை குறுந்தகட்டில் வராது என்று எழுதியது.

சசிதர் அவள் மேசைக்கே வந்தார். “என்ன சொல்றீங்க?”

மெஹராஜ் நிரலைத் திறந்து பார்த்தாள். மாலை மாலையாகச் செய்த வேலை. அதில் இரண்டு வரியை மாற்றினால் போதும், உலகமெல்லாம் போகும். ஆனால் போவது வேறொரு மிஷினாக இருக்கும்.

“வராட்டிப் போவுதுங்க” என்றாள். “மாத்தித் தர்றதுக்கில்லீங்க.”

சசிதர் பெருமூச்சு விட்டபடி அதையே நாகரிகமான ஆங்கிலத்தில் எழுதினார்.

குறுந்தகடு அந்த மேசை இல்லாமலே வெளிவந்தது. வீணாக்க மனமில்லாத கம்பெனிக்காரர்கள் அதைத் தங்கள் இணையதளத்தின் ஒரு மூலையில் இலவசமாகப் போட்டுவைத்தார்கள். கொஞ்ச நாளில் கடிதங்கள் வரத் தொடங்கின. பெரும்பாலும் வசவு. உங்கள் மேசை ராத்திரியில் என்னை ஏமாற்றுகிறது என்றார் ஒருவர். அடுத்த வாரம் அவரே மறுபடி எழுதினார்: நேற்று ஏழு மணிக்கு ஜெயித்துவிட்டேன், காலையில் ஆடுவதை இப்போது என் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டேன்.

மெஹராஜ் அதை அச்செடுத்துப் பங்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

“ஏழு மணிக்கு ஜெயிச்சானாமா?” பங்காரம்மா மிஷினை விட்டு எழுந்து நின்றார். “அது கெடக்குது. நீ ஒருக்கா ஆடு அம்மிணி. நீ ஆடி நான் பாத்ததே இல்ல.”

மெஹராஜ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கூடத்து விளக்கு மங்கி, மஞ்சளாகி, நடுங்கி நின்றது. அன்று கிளப்பில் தொடவிடாத பொத்தான்கள் மேல் விரல்களை வைத்து, குண்டு தன்னிடம் வந்து சேரும்வரை காத்திருந்தாள்.